அறியா வினாவும் உற்றது உரைத்தலும்
(சரித்திரச் சித்திர நவீனம் எழுதப் புகுவார்க்கு ஒரு பாடம்)

தோற்றுவாய்

கல்லூரி விழாவை முன்னிட்டுப் பழைய நிழற்படங்களைத் திரட்டிக் கண்காட்சி ஒன்று அமைக்கும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆறாம் வகுப்பு மாணாக்கர் சிலர் நமக்குத் துணைநின்றனர். படங்களைத் தூசி துடைத்தலும், அவற்றின்கீழ் அச்சிடப்பட்டிருந்த பெயர்களைப் புதிய அட்டைகளில் எழுதுதலும் அவர்களது வேலை. 1950களில் எடுக்கப்பட்ட வகுப்புப் படம் ஒன்றைக் கையிலேந்திய சிறுவன் ஒருவன் நெடுநேரம் எழுதாது நின்றான். இருப்பவர் இன்னார், நிற்பவர் இன்னார் என்று இடமிருந்து வலமாகப் பெயர்கள் நிரல்பட அமைந்திருந்தன. அந்நிரலில் அடங்காத ஒருவர் படத்தின் வலப்புற ஓரத்திலே, தூணின் அருகே, தோளில் ஒரு துண்டும் கையில் ஒரு மணியுமாக நின்றார். சிறுவன் அவரைச் சுட்டி, "சேர், இவர் ஆர்?" என்றான்.

நாமோ வேலை மிகுதியால், "அது உனக்கு எதற்கு? கீழே உள்ள பெயர்களைப் பார்த்து எழுது" என்று சொல்லி அப்பாற் சென்றோம். சிறுவனும் அவ்வாறே எழுதினான். கண்காட்சி செவ்வனே நடந்தேறியது. வந்தோர் யாவரும் பாராட்டினர். ஆயினும் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. பெயர் பெற்றோரையே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயரற்று நின்றவரைச் சிறுவன் கண்டான். சரித்திர ஆசிரியன் ஒருவன் காணவேண்டியது இவ்விருவகையோருள் யாரை என்று எண்ணியபோது நமக்கு நாணம் உண்டாயிற்று. அந்நாணத்திலிருந்து எழுந்ததே இக்கட்டுரை.

வினா ஆறு, விடை எட்டு

நன்னூலார் வினாவினை ஆறாக வகுத்தனர். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. ஆசிரியன் தான் விடையை அறிந்து வைத்துக்கொண்டு, மாணாக்கன் அறிவானோ என்று அளத்தற்பொருட்டு வினவுவது அறிவினா. மாணாக்கன் உண்மையிலேயே அறியாமையால் வினவுவது அறியாவினா. நம் வகுப்பறைகளிற் காலை முதல் மாலை வரை ஒலிப்பன பெரும்பாலும் அறிவினாக்களே. பரீட்சைத் தாளோ முற்றும் அறிவினா. அறியாவினா அருகியே எழுகின்றது. எழும்போதும் பாடத்துக்குப் புறம்பானதுபோலத் தோன்றுதலின், நாம் அதனைத் தள்ளிவிடுகின்றோம்.

விடையினையும் அவ்வாசிரியர் எட்டாக்கினர். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவை. நாம் அச்சிறுவனுக்கு இறுத்த விடையை இவ்விலக்கணத்தோடு வைத்து நோக்குவோம். "அது உனக்கு எதற்கு?" என்றது வினா எதிர் வினாதல். "பார்த்து எழுது" என்றது ஏவல். ஒரே மூச்சில் இருவகை விடை பகர்ந்தும், வினவியவனுக்கு ஒன்றும் கூறாது விட்டோம்! சென்ற காலத்தைப் பற்றிக் குழந்தைகள் வினவும்போது, வீட்டிலும் பள்ளியிலும் பெரியோர் பெரும்பாலும் பகர்வன இவ்விருவகை விடைகளே அன்றோ?

உற்றது உரைத்தல் என்பது, "இதனைச் செய்வாயா?" என்று வினவினார்க்குக் "கை நொந்தது" என்று தனக்கு நேர்ந்ததைக் கூறுதலாம் என உரையாசிரியர் விளக்குவர். அப்பெயரை ஈண்டுச் சற்று விரித்து, தனக்கும் தன்னைச் சார்ந்தார்க்கும் நேர்ந்ததை நேர்ந்தவாறே எடுத்துரைக்கும் விடை என்று கொள்வோம். குழந்தையின் அறியாவினாவுக்குப் பெரியோர் உற்றதை உரைக்கும்போது சரித்திரம் உயிர்பெறுகின்றது. அவ்வுரை சித்திரமும் சொல்லுமாக இணைந்து வரும்போது சரித்திரச் சித்திர நவீனம் தோன்றுகின்றது. இதுவே நாம் நிறுவப் புகுவது.

சித்திர நவீனம்

கட்டங்கட்டமாக வரையப்பட்ட ஓவியங்களும், மாந்தர் கூற்றுக்களை அடக்கிய குமிழ்களும் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு முழுநூலளவு நீண்டு கதை நடாத்துவதே சித்திர நவீனம் எனப்படும். பத்திரிகைகளில் வாரந்தோறும் வரும் சித்திரக் கதையின் மூத்த உடன்பிறப்பு அது. ஒருவர் எழுத மற்றொருவர் வரைதலும் உண்டு. இருபணியையும் ஒருவரே ஆற்றுதலும் உண்டு.

பாரதத்திலே அமர சித்திர கதை என்னும் வரிசை 1967ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. டில்லியிலே தொலைக்காட்சி அறிவுப் போட்டி ஒன்றிற் கிரேக்க புராண வினாக்களுக்கு விடையிறுத்த பிள்ளைகள், இராமனைப் பெற்ற தாய் யார் என்ற வினாவுக்கு விடையறியாது திகைத்ததைக் கண்டமையே தம்மை இம்முயற்சியில் ஊக்கியது என்று அதன் ஆசிரியர் அனந்த் பை (1929–2011) கூறியுள்ளார். அவ்வரிசை கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் பழங்கதைகளைக் கொண்டுசென்றது. ஆயின் அங்கு வினவியவர் பெரியோர், வினாவும் அறிவினா. பிள்ளைகள் அறியவேண்டியது இது என்று பெரியோர் துணிந்து அளித்த நூல்கள் அவை. வீரர் பலரும் வெண்ணிறத்தினராகவும், அசுரர் கருநிறத்தினராகவும் அவற்றில் வரையப்பட்டமையைப் பின்வந்த ஆய்வாளர் குறைகூறினர். எழுத்திலே ஒருவரும் கூறாத ஒன்றை ஓவியம் குழந்தையின் மனத்திற் பதித்துவிடுகின்றது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. சித்திரத்தின் வலிமையும் அதுவே, ஆபத்தும் அதுவே.

அறியாவினாவை அடியாகக் கொண்டெழுந்த நூல்கள் வேறு. அவற்றுள் மூன்றினை இனி நோக்குவோம். மூன்றும் பிற நாட்டன. ஆயினும் அவற்றின் ஆசிரியர் கையாண்ட முறைகள் எந்நாட்டார்க்கும் பயன்படுவன.

கோழியைப் பற்றிய கேள்வி

ஐக்கிய அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் சமவுரிமை வேண்டி நடாத்திய அறப்போரில் இளமையிலேயே முன்னின்றவர் ஜோன் லூயிஸ் (1940–2020). அலபாமா மாநிலத்திற் குத்தகைக்குப் பயிரிட்ட குடும்பத்திலே பிறந்தவர். பின்னர் நெடுங்காலம் அந்நாட்டுக் காங்கிரஸ் சபையின் உறுப்பினராய் விளங்கியவர். 1957ஆம் ஆண்டிலே, மாட்டின் லூதர் கிங்கையும் மொன்கொமரி நகரத்துப் பஸ் புறக்கணிப்பையும் பொருளாகக் கொண்ட சித்திரக் கதைப் பிரசுரம் ஒன்று பத்துச் சத விலைக்கு வெளிவந்தது. 381 நாள் நீடித்த அப்புறக்கணிப்பின் வரலாற்றையும், அகிம்சைப் போரின் முறைகளையும் அச்சிறு பிரசுரம் இளைஞர்க்குக் கற்பித்தது. 2008இல் லூயிஸ் அதனைப் பற்றிக் கூறக் கேட்ட அவரது அலுவலக உதவியாளர் அன்ட்ரூ அய்டின், தங்கள் வாழ்வையும் அவ்வாறே சித்திர நூலாக்கலாகாதோ என்று விடாது வேண்டினர். அதன் பயனாக எழுந்ததே 'மார்ச்' என்னும் நவீனம். நேற் பவல் என்பார் கறுப்பு வெள்ளையில் வரைய, 2013, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக அது வெளிவந்தது. மூன்றாம் பாகம் 2016இல் அமெரிக்கத் தேசிய நூற் பரிசினைப் பெற்றது.

நமக்கு இங்கே வேண்டுவது முதற் பாகத்தின் அமைப்பு. 2009ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி, பராக் ஒபாமா சனாதிபதியாகப் பதவியேற்கும் நாட் காலை. ஒரு தாய் தன் மைந்தர் இருவரையும் அழைத்துக்கொண்டு லூயிஸின் அலுவலகத்தைக் காண வருகின்றாள். சுவரெங்கும் சரித்திரப் புகழ் வாய்ந்த படங்கள் தொங்குகின்றன. ஆயின் சிறுவனது கண் அங்குள்ள கோழிப் பொம்மைகளில் விழுகின்றது. ஏன் இத்தனை கோழிகள் என்று அவன் கேட்கின்றான். நாம் அங்கிருந்திருப்பின், "அதை விடு, இந்தப் படத்தைப் பார்" என்றிருப்போம். லூயிஸோ அமர்ந்து, தாம் சிறுவனாயிருந்தபோது தந்தையின் கோழிகளைப் பேணியதையும், அவற்றைச் சபையாக இருத்திப் பிரசங்கித்ததையும், இறந்த கோழிக்கு இறுதிக் கிரியை செய்ததையும் உரைக்கின்றார். கோழிக் கூட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், பள்ளியிலிருந்து நாஷ்வில் நகரத்து உணவுக் கடைகளில் 1960இல் நடந்த உள்ளிருப்புப் போருக்கும் கதை செல்கின்றது. 1965 மார்ச் 7ஆந் திகதி செல்மா நகரத்துப் பாலத்திலே பொலிசாரின் தடியடியால் அவரது மண்டை உடைந்த செய்தியும் இக்கதைக்குள் அடங்குவதே.

குழந்தை பெரும்பொருளைப் பற்றி வினவுவதில்லை. கையிற் பிடிக்கக்கூடிய ஒரு சிறுபொருளைப் பற்றியே வினவும். அச்சிறுபொருள் வழியாக உட்புகத் தெரிந்தவனுக்குப் பெருஞ்சரித்திரமும் தானே திறந்து கொடுக்கும். இஃது இந்நூல் தரும் பாடம்.

தந்தையைக் கேட்ட மைந்தன்

ஆர்ட் ஸ்பீகெல்மன் 1948இற் பிறந்தவர். அவர்தம் பெற்றோர் போலந்து நாட்டு யூதர். அவுஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர்கள். அவர்களின் முதல் மைந்தன் போர்க்காலத்திலே குழந்தைப் பருவத்தில் இறந்தான். நியூயோர்க் நகரத்திலே வளர்ந்த இளையவர், காணாத தமையனின் படத்தைக் கண்டும், பெற்றோர் நெஞ்சிலிருந்த அச்சத்தை உணர்ந்தும், முழுவதும் அறியாது வளர்ந்தார். 1972இலே மூன்று பக்கச் சித்திரக் கதை ஒன்றில், தந்தை எலி தன் குஞ்சுக்கு இரவிற் கூறும் கதையாக அதனை முதன்முதல் வரைந்தார். பின்னர் தந்தையாரை அருகிருத்தி, ஒலிப்பதிவுக் கருவியை முன்வைத்து, ஆண்டுக்கணக்காக வினவினார். 'மௌஸ்' என்னும் அந்நவீனத்தின் முதற் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் நூலுருப் பெற்றன. 1992இலே அதற்குப் புலிற்சர் சிறப்புப் பரிசு அளிக்கப்பட்டது. சித்திர நவீனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை.

யூதரை எலிகளாகவும் நாஸிகளைப் பூனைகளாகவும் வரைந்த அந்நூலிலே, மூன்று இடங்களை நாம் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

ஒன்று: தந்தையார் முகாமிலே தகரப் பட்டறையில் வேலை செய்தவர். அப்பட்டறையை வரையப் புகுந்த மைந்தர் அங்கிருந்த கருவிகள் எத்தகையன என்றறியாது இடர்ப்பட்டதை அந்நூலிலேயே ஒளியாது காட்டுகின்றார். எழுத்தாளன் "பட்டறையில் வேலை செய்தார்" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். ஓவியன் அவ்வாறு தப்ப முடியாது. கருவி எது, அதன் பிடி எப்பக்கம், ஒளி எவ்வழி வந்தது என்று ஒவ்வொன்றையும் அவன் அறிந்தாகவேண்டும். குழந்தை கேட்பதும் இவற்றையே. ஆதலின் ஓவியனது தேவையும் குழந்தையின் வினாவும் ஒன்றே.

இரண்டு: கைதிகள் வேலைக்கு அணிவகுத்துச் செல்கையில் முகாம் வாயிலில் வாத்தியக் குழு இசைத்தது என்பது சான்றுகளால் நிறுவப்பட்ட செய்தி. தந்தையாரோ, தாம் நடந்து சென்றது நினைவிலுண்டேயன்றி வாத்தியம் நினைவிலில்லை என்கின்றார். மைந்தர் என் செய்தார்? முதலிலே வாத்தியக் குழுவை வரைந்தார். அடுத்து, அணிவகுத்துச் செல்வோர் அதனை மறைக்க, அவர்தம் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மாத்திரம் தெரியுமாறு வரைந்தார். ஆவணத்தையும் பொய்யாக்கவில்லை, தந்தையின் நினைவையும் அவமதிக்கவில்லை. சான்றுகள் முரணும்போது சரித்திர ஆசிரியன் நடுவுநிலை நிற்றற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நாம் கண்டிலோம்.

மூன்று: ஸ்பீகெல்மனின் தாயார் 1968இலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். அவர் தம் நினைவுகளைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தார். மைந்தர் அவற்றைத் தந்தையாரிடம் பலமுறை கேட்கின்றார். துயரம் தாங்காது தாம் அவற்றை எரித்துவிட்டதாகத் தந்தையார் முதற் பாகத்தின் இறுதியில் ஒப்புக்கொள்கின்றார். மைந்தரின் சினம் எல்லை கடக்கின்றது. தாயார் கூறவேண்டியது இனி ஒருகாலும் கிட்டாது. தந்தையாரும் 1982இல் மறைந்தார். வினவுதற்குக் காலம் உண்டு. அது கடந்தால் விடையுமில்லை என்பதை இதனைவிட யார் அழுத்தமாகக் கூறவல்லார்?

ஆறு வயதுக் கண்கள்

மூன்றாம் நூலில் குழந்தையே சாட்சி. யப்பானிய ஓவியர் நகசாவா கெய்ஜி 1939இல் ஹிரோஷிமாவிலே பிறந்தவர். 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வீழ்ந்தபோது அவர் ஆறு வயதுச் சிறுவன். பள்ளிக்கூட வாயிலில் நின்றார். மதில் மறைத்தமையால் உயிர் தப்பினார். தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டினுள் அகப்பட்டு மாண்டனர். அன்றே தாய் ஒரு பெண் மகவை ஈன்றாள். சில மாதங்களில் அம்மகவும் இறந்தது.

தோக்கியோவிற் சித்திரக் கதை ஓவியரான நகசாவா, பல்லாண்டு அணுகுண்டைப் பற்றி வாய் திறந்திலர். 1966இலே தாயார் இறந்து தகனமான பின், எலும்பு எடுக்கச் சென்றார். கதிரியக்கம் எலும்பையும் அரித்துவிட்டதோ என்னும்படி சாம்பலன்றி யாதும் எஞ்சாதிருக்கக் கண்டார். அச்சினமே அவரை எழுதவைத்தது. 1972இலே தன்வரலாறாக ஒரு சிறு சித்திர நூலும், 1973 முதல் 'வெறுங்காற் கென்' என்னும் நெடுங்கதையும் வரைந்தார். பிற்காலத்தில் அது பத்துத் தொகுதிகளாயிற்று. பிறநாட்டார் அறியும்பொருட்டுத் தொண்டர் பலர் ஊதியமின்றி மொழிபெயர்த்தமை அந்நூலுக்குக் கிட்டிய சிறப்பு. ஆசிரியர் 2012 டிசெம்பரிற் காலமானார்.

இந்நூலிற் கருதவேண்டுவது யாதெனின், சரித்திரத்துக்கும் நவீனத்துக்கும் இடையேயுள்ள எல்லையாம். கதையிலே, எரியும் வீட்டினின்று தந்தையை மீட்கச் சிறுவன் கென் தாயோடு நின்று போராடுகின்றான். உண்மையில் நகசாவா அவ்விடத்தில் இருந்திலர். தாயார் சொல்லக் கேட்டவர். அதனை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினர். நவீன ஆசிரியன் இடத்தையும் ஆளையும் நெருக்கி அமைத்தல் குற்றமன்று. தான் செய்ததை மறைத்தலே குற்றம்.

எழுதும் முறை

இனி, மாணாக்கர் தாமே முயலுதற்பொருட்டு முறை சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, குழந்தையின் வினாவை அதன் சொற்களாலேயே எழுதிவைத்தல். நாம் அதனைத் திருத்தி, "அக்காலச் சமூக நிலை யாது?" என்று மாற்றினால் உயிர் போய்விடும். "இவர் ஆர்?" என்பதே போதும்.

இரண்டாவது, உற்றாரைக் கேட்டல். அகவை முதிர்ந்தோரை முதலிற் காணவேண்டும். திகதியும் இடமும் குறித்து, இசைவு பெற்று, அவர் குரலைப் பதிவு செய்தல் நன்று. ஒருமுறை கேட்டதோடு அமையாது, சில நாட் கழித்து மீண்டும் கேட்க. முன்னர்க் கூறியதும் பின்னர்க் கூறியதும் வேறுபடின் இரண்டையும் குறிக்க. அவர் அழுதால் நிறுத்துக. அவர் மௌனமும் ஒரு விடையே.

மூன்றாவது, பொருட்சான்று திரட்டல். உடை, விளக்கு, வண்டி, பாத்திரம், கதவின் தாழ் என்பன எக்காலத்தன என்று ஆராய்தல் வேண்டும். சோழர் காலத்து அடுக்களையை வரையும் ஒருவர் அங்கே மிளகாய் வற்றலையும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் வைப்பாராயின் அது பெரும்பிழை. இம்மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியன. கொலம்பசு 1492இல் அங்குச் சென்றதன் பின்னரே ஐரோப்பியர் வழியாக நம் பக்கம் வந்தன. அக்கால உறைப்பு மிளகினால் வந்தது. "அந்தக் காலத்துச் சாம்பாரில் தக்காளி இருந்ததா?" என்று ஒரு குழந்தை கேட்டிருந்தால் ஓவியர் பிழையினின்று தப்பியிருப்பார்.

நான்காவது, கட்டம் பிரித்தல். சித்திரம் காட்டுவதைச் சொல் மீண்டும் கூறலாகாது. மழை பெய்வதை வரைந்துவிட்டு "மழை பெய்தது" என்றெழுதுவது வீண். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை வாசிப்பவனே தன் மனத்தால் நிரப்புகின்றான். ஓங்கிய கையை ஒரு கட்டத்திலும், நிலத்திற் கிடக்கும் மூக்குக்கண்ணாடியை அடுத்த கட்டத்திலும் வரைந்தால் அடியை வரையவேண்டுவதில்லை. கொடுமையைக் குழந்தைக்குக் கூறும் வழியும் இதுவே: பொய் கூறாது, ஆயின் அளவறிந்து கூறுதல்.

ஐந்தாவது, அறியாததை அறியாததாகவே காட்டல். முகம் தெரியாதவரை முதுகுப் புறமாக வரையலாம். கோட்டைப் புள்ளிகளாக இடலாம். நினைவில் உள்ளதை ஒரு வகையாகவும் ஆவணத்தில் உள்ளதை மற்றொரு வகையாகவும் தீட்டலாம்.

ஆறாவது, வரைந்ததை வினவிய குழந்தைக்கே முதலிற் காட்டல். அது புதிய வினா ஒன்றை எழுப்புமாயின் நூல் நன்று. "விளங்கிவிட்டது" என்று சொல்லி மூடிவைக்குமாயின் எங்கோ தவறியுள்ளோம்.

தடையும் அச்சமும்

இத்தகைய நூல்கள் குழந்தைகட்கு ஆகா என்பாரும் உளர். யப்பானிலே மட்சுவே நகரத்துக் கல்விச் சபையார் 'வெறுங்காற் கென்' நூலைப் பள்ளி நூலகங்களில் மாணாக்கர் தாமே எடுக்காதவாறு ஒதுக்கிவைக்குமாறு பணித்து, பலத்த கண்டனம் எழவே 2013 ஓகஸ்டில் அப்பணிப்பை மீட்டுக்கொண்டனர். 2022 ஜனவரியிலே அமெரிக்காவின் தெனசி மாநிலத்து மாவட்டம் ஒன்றின் கல்விச் சபை 'மௌஸ்' நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தினின்று நீக்கியது.

இவ்வச்சத்தை நாம் முற்றாக இகழவில்லை. ஆறு வயதினர்க்கு உரியது வேறு, பதினான்கு வயதினர்க்கு உரியது வேறு என்பதை ஆசிரியர் அறிவர். ஆயினும் வினவும் குழந்தை ஏற்கெனவே ஏதோ ஒன்றைக் கண்டுள்ளது, அதனாலேயே வினவுகின்றது. நாம் கூறாது விட்டால் அது வினவாதிருக்கக் கற்குமேயன்றி, கண்டதை மறக்கப்போவதில்லை. கூறாது விட்ட இடத்தை வேறு யாரேனும் பொய்யால் நிரப்புவர். ஆதலின் அளவறிந்து கூறலே தகுதி, கூறாமை தகுதியன்று.

நம்மவர் கடன்

நமது நாட்டின் அண்மைக் காலத்தைப் பொருளாகக் கொண்ட சித்திர நவீனமும் வந்துள்ளது. ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளராய் வன்னியிலிருந்து 2008 செப்டெம்பரில் வெளியேறிய பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்த 'வன்னி' என்னும் நூல் 2019இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. உயிர் தப்பியோர் பலரின் வாக்குமூலங்களைத் திரட்டி, கற்பனைக் குடும்பம் ஒன்றின் கதையாக அதனை அமைத்தனர். நன்றி கூறற்குரிய பணி. எனினும் நம்மவர்க்கு உற்றதை அயலார் வந்து கேட்டு எழுதினர் என்பது நம்மைச் சிந்திக்கத் தூண்டவேண்டும். நம் வீடுகளிலும் கேட்கும் பிள்ளைகள் இல்லையோ? அன்றி, உரைக்கும் பெரியோர் இல்லையோ?

ஏடுகளை நம்பியிருத்தல் நமக்கு இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே ஒரே இரவில் வீடுகளை விட்டு நடந்தவர்கள் கையிலெடுத்துச் சென்றவை சிலவே. எஞ்சியிருப்பது முதியோர் நெஞ்சில் உள்ளது. அந்நூலகத்துக்கு மதிலில்லை; நாளும் ஒவ்வொரு நூலாகக் குறைந்துகொண்டே வருகின்றது.

ஆகவே மாணாக்கர்க்குப் பயிற்சி ஒன்று தருவோம். அந்த மணிக்காரரைக் குறித்து ஆறு கட்டங்களில் ஒரு பக்கம் வரைக. முதற் கட்டத்தில், விடியற்காலையில் அவர் கல்லூரிக்கு வரும் வழி. அதற்கு அவர் எவ்வூரவர், நடந்து வந்தாரோ சைக்கிளில் வந்தாரோ என்று அறிதல் வேண்டும். இரண்டாவதில் கையிலுள்ள மணி: அதன் உலோகம் யாது, பிடி மரமோ பித்தளையோ? மூன்றாவதில் பிந்தி வந்த மாணவன் ஒருவன் படலையருகே நிற்க, அவர் மணியை அடிக்காது சற்றுத் தாமதித்தாரோ? இது கேட்டறியவேண்டியது, புனையலாகாது. நான்காவதில் நிழற்படம் எடுக்கும் நாள்: அவரை அழைத்து நிறுத்தினரோ, தாமே வந்து நின்றாரோ? ஐந்தாவதில் அவர் மணியை இன்னொருவர் கையிற் கொடுத்த நாள். ஆறாவது கட்டம் இன்றைக்கு உரியது: சிறுவன் ஒருவன் படத்தை ஏந்தி நிற்கின்றான். அக்கட்டத்திலுள்ள குமிழை வெறுமையாக விடுக. விடை கிடைத்தபின் நிரப்புவோம்.

அவ்வகுப்பிற் பயின்றோருள் இன்று நம்மிடையே உள்ளவர் எண்பது வயதைக் கடந்தவர், சிலரே. இம்மலர் அவர்களுள் ஒருவர் கையிற் சேருமாயின், தூணருகே மணியோடு நிற்பவர் யார் என்பதை அருள்கூர்ந்து கல்லூரிக்குத் தெரிவிப்பாராக. பெயர் நினைவிலில்லையேல், அவரை மாணவர் எவ்வாறு அழைத்தனர் என்பதேனும் போதும். மணி எங்கே போயிற்று என்பதை அறிந்தாரும் கூறுக.

அச்சிறுவன் இப்பொழுது ஏழாம் வகுப்பிற் பயில்கின்றான். அன்று நாம் கூறிய விடை தவறு என்பதை அவனிடம் சொல்லிவிட்டோம். "அப்ப அவர் ஆர், சேர்?" என்று மீண்டும் கேட்டான். "எமக்கும் தெரியாது, இருவருமாகக் கேட்டறிவோம்" என்றோம். வினா பிறந்த வகுப்பறையிலேயே விடையும் பிறக்குமாறு, கல்லூரித் தாயின் மூத்த மைந்தர் உற்றதை உரைத்து உதவுவார்களாக.